சுயசரிதை: தமிழில் தன்வரலாறு

மதுரை திண்டுக்கல் சாலையிலுள்ள பழைய புத்தகக் கடை ஒன்றில், தைத்த நூல் வெளியே தெரியும்படி அட்டை பிய்ந்து கிடந்த ஒரு நடிகரின் புத்தகத்தை அண்மையில் எடுத்துப் புரட்டினேன். மேலட்டையில் ‘சுயசரிதை’ என்று அச்சாகியிருந்தது. உள்ளே முதல் பக்கம் அதை ‘வாழ்க்கை வரலாறு’ என்றது. பதிப்புரையோ ‘நினைவலைகள்’ என்றது. ஒரே புத்தகத்துக்கு மூன்று பெயர்கள், அவற்றுள் எந்த இரண்டும் ஒரே பொருளைத் தருவன அல்ல. நான் அதை யோசித்துக்கொண்டு நிற்கையில் ஓர் இளைஞர் வந்து, “அண்ணே, பாகவதர் வரலாறு எதுவும் கெடக்கா? தாத்தா கேட்டாரு” என்றார். கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே, “நடிகர் புக்கெல்லாம் அந்தக் கட்டுல இருக்கு, பிரிச்சுப் பாருப்பா” என்றார். அச்சிட்டவருக்கு இருந்த குழப்பம் கேட்டவருக்கு இல்லை. அவர் வாயில் இயல்பாக வந்த சொல் வரலாறு.

‘சுயசரிதை’ வடமொழிச் சொற்கள் இரண்டின் சேர்க்கை. ‘சுய’ என்பது தன்னுடைய என்று பொருள்படும். ‘சரிதை’, ‘சரிதம்’, ‘சரித்திரம்’ ஆகிய மூன்றும், நகர்தலையும் திரிதலையும் குறிக்கும் ‘சர்’ என்னும் வேரிலிருந்து கிளைத்தவை. ஊர் ஊராகச் செல்வதைச் சஞ்சாரம் என்பதும், அசைவனவும் அசையாதனவும் சேர்ந்த உலகைச் சராசரம் என்பதும், சைவர்கள் கோயிலுக்குச் செய்யும் புறத்தொண்டைச் சரியை என்பதும் அந்த வேரின் வழிவந்த வழக்குகளே. நடப்பது என்னும் பொருளிலிருந்து நடந்துகொள்ளும் முறை என்னும் பொருளும், அதிலிருந்து ஒருவர் செய்த செயல்களின் தொகுதி என்னும் பொருளும் இச்சொல்லுக்கு ஏறின. தமிழிலும் இப்படித்தான் நிகழ்ந்திருக்கிறது. ‘நட’ என்பதிலிருந்து நடத்தை வந்தது, ‘ஒழுகு’ என்பதிலிருந்து ஒழுக்கம் வந்தது. ஆகவே ‘சரிதை’ என்ற சொல்லின் அடியில் ‘செய்த அருஞ்செயல்கள்’ என்ற தொனி எப்போதும் இருக்கிறது. அடியார்களுக்கும் அரசர்களுக்கும் அச்சொல் பொருந்தி வந்ததற்கும், நடிகர்களைப் பற்றிய புத்தகங்களில் பல புராணத்தின் சாயலில் அமைந்துவிடுவதற்கும் அந்தத் தொனி ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

‘ஆட்டோபயோகிராபி’ என்ற ஆங்கிலச் சொல் கிரேக்கத்தின் மூன்று துண்டுகளை ஒட்டியது: ‘ஆட்டோ’ தான், ‘பயோஸ்’ வாழ்வு, ‘கிராஃபி’ எழுதுதல். ஆங்கிலத்திலேயே அது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தலைகாட்டியது. பெரியார் பேருந்து நிலையத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும் ஆட்டோவின் பெயரிலும் இருப்பது இதே ‘தான்’ என்னும் முன்னொட்டுதான், தானே இயங்கும் வண்டி என்ற பொருளில். இந்த ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஒன்றை நிறுத்த வேண்டிய தேவை வந்தபோது, கைக்கெட்டிய வடசொற்களைக் கொண்டு ஆக்கப்பட்டதே சுயசரிதை.

அச்சொல்லின் துணையின்றியே தமிழில் இவ்வகை நூல்களுக்குப் பலர் திண்டாடாமல் பெயர் வைத்தார்கள். உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கையை எழுதியபோதும் ‘சரித்திரம்’ என்றார். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தம்முடைய வாழ்க்கையை எழுதியபோதும் அதே சொல்லைக் கொண்டு ‘என் சரித்திரம்’ என்றார். எழுதியவரும் எழுதப்பட்டவரும் வேறு வேறா, இருவரும் ஒருவரேயா என்பதை ‘என்’ என்ற ஓரெழுத்தும் ஒற்றுமே காட்டிவிட்டன. மேடையிலும் திரையிலும் இருந்தவர்கள் எழுதிய புத்தகங்களும் இம்முறையையே பின்பற்றின. ‘எனது நாடக வாழ்க்கை’ என்றார் தி.க. சண்முகம். ‘நான் ஏன் பிறந்தேன்’ என்று தம் தொடருக்குப் பெயரிட்டார் எம்.ஜி.ஆர். இப்பெயர்களில் ‘சுய’ என்ற ஒட்டுக்கு வேலையே இல்லை.

சிவாஜி கணேசன் சொல்ல, டி.எஸ். நாராயணசாமி தொகுத்து, 2002-இல் வெளிவந்த நூலின் பெயர் ‘எனது சுயசரிதை’. ‘சுய’ என்பதன் பொருள் தெரிந்தவருக்கு இதில் ‘என்னுடைய’ என்பது இருமுறை வந்திருப்பது புலப்படும். ‘நடு சென்டர்’ என்று நாம் சொல்வதைப் போன்ற இரட்டிப்பு இது. இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. ‘சுயசரிதை’ என்ற கூட்டுச்சொல் பேசுபவரின் காதில் ஒரே சொல்லாக இறுகி, ‘சுய’ தன் பொருளை இழந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. பொருளை உள்ளே காட்டாத சொல்லுக்கு மேலும் ஒரு ‘எனது’ தேவைப்படத்தான் செய்யும்.

இனி, சுயசரிதைக்கு நேரான தமிழ்ச்சொல்லாகிய ‘தன்வரலாறு’ என்பதிலுள்ள வரலாறு. இதைப் பிரித்தால் வரல், ஆறு எனப் பிரியும். வரல் என்பது வருதல். ஆறு என்பது வழி. வந்த வழியே வரலாறு. மதுரையில் ‘ஆறு’ என்றால் வைகை. சித்திரையில் அழகர் இறங்கும் ‘ஆத்து’க்கு வேறு அடைமொழி வேண்டியதில்லை. ஆனால் நீர் செல்லும் வழியைப் போலவே மனிதர் செல்லும் வழியும் பழந்தமிழில் ஆறுதான். திருப்பரங்குன்றத்தை முதற்படைவீடாகப் பாடும் திருமுருகாற்றுப்படையின் பெயரிலுள்ள ‘ஆற்றுப்படை’ வழிப்படுத்துதல் என்றே பொருள்படும். “அறத்தாற்றின் இல்வாழ்க்கை ஆற்றின் புறத்தாற்றிற் போஒய்ப் பெறுவ தெவன்” என்ற குறளில் அறத்தாறு அறத்தின் வழி, புறத்தாறு அதற்குப் புறமான வழி. இடையில் வரும் ‘ஆற்றின்’ மட்டும் ‘நடத்தினால்’ என்னும் வினை. ‘வாழ்க்கை வரலாறு’ என்ற தொடரின் உறுப்புகளான வாழ்க்கையும் ஆறும் இந்த ஒரே குறளில் அருகருகே நிற்கின்றன.

‘வரலாறு’ என்பதற்குப் பழைய யாப்பிலக்கண உரைகளில் இன்னொரு பயன்பாடும் உண்டு. இலக்கணத்தைச் சொல்லி முடித்ததும், உரைகாரர் ‘வரலாறு’ என்று எழுதி எடுத்துக்காட்டுச் செய்யுளைக் கீழே தருவார். செய்யுளில் அவ்விலக்கணம் வரும் முறை என்பது அதன் கருத்து. எனவே இச்சொல் தொடக்கத்திலிருந்தே மன்னர்களையும் போர்களையும் மட்டும் சுமந்துகொண்டிருந்ததன்று. எதுவொன்றும் வந்து சேர்ந்த விதத்தைச் சொல்லும் பொதுச்சொல்லாகவே இருந்தது. மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870-இல் பிறந்து, சூரியநாராயண சாஸ்திரி என்ற தம் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞர் என்று வைத்துக்கொண்டவர், 1903-இல் தமிழ்மொழியைப் பற்றி எழுதிய நூலுக்குத் ‘தமிழ்மொழியின் வரலாறு’ என்றே பெயரிட்டார். தம் பெயரிலிருந்த சூரியனையே பரிதியாக்கியவர் சரித்திரத்தை விட்டு வரலாற்றைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

இந்தச் சொற்பிரிப்பை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் துணைக்கு அழைப்பது அகராதியை அன்று, ஒரு நடிகரின் புத்தக அட்டையைத்தான். மதுரை மாவட்டம் சேடப்பட்டியிலிருந்து சிறுவனாக நாடகத்துக்குப் போய், திரையில் இலட்சிய நடிகர் என்று பெயர் பெற்று, 1962-இல் தேனித் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்கும் சென்ற எஸ்.எஸ். ராஜேந்திரன், தம் வாழ்க்கையைச் சொன்ன நூலுக்கு வைத்த பெயர் ‘நான் வந்த பாதை’. வந்த என்பது வரல், பாதை என்பது ஆறு, நான் என்பது தன். தன்வரலாறு என்ற சொல்லை உறுப்பு உறுப்பாக எளிய பேச்சுத்தமிழில் அவிழ்த்து வைத்தால் இந்தத் தலைப்புத்தான் கிடைக்கும். 1952 தீபாவளிக்கு மதுரைத் தங்கம் தியேட்டர் ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்டபோது, அந்தத் திரையில் சிவாஜியும் ராஜேந்திரனும் அண்ணன் தம்பியாகத் தோன்றினார்கள். பிற்காலத்தில் ஒருவரது நூல் சரிதையாகவும் மற்றவரது நூல் வந்த பாதையாகவும் அச்சேறின.

பொருளைக் கொண்டு பார்த்தாலும் அக்காலக் கலைஞர்களின் நூல்களுக்கு வரலாறு என்பதே கூடுதலாகப் பொருந்துகிறது. அவற்றில் நாம் தேடிப் படிப்பது புகழ்பெற்ற பிறகு நடந்தவற்றையல்ல, வந்த வழியைத்தான். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய சிறுவர் நாடகக் குழுவான தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில், ஆறு வயதுப் பிள்ளையாகச் சேர்ந்தவர் சண்முகம். எம்.ஜி.ஆர். சிறுவயதில் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். ‘பாய்ஸ் கம்பெனி’ (சிறுவர் நாடகக் குழு), ‘ராஜபார்ட்’ (நாயகன் வேடம்), ‘ஸ்திரீபார்ட்’ (பெண் வேடம்) என்ற சொற்களை இத்தகைய நூல்களிலிருந்து களைந்து தூய தமிழாக்கக் கூடாது என்பது என் கருத்து. அவை அந்த வழியின் கைகாட்டிகள். நூலின் வகைப்பெயரைத் தமிழில் சொல்வது வேறு, நூலுக்குள் வாழ்ந்தவர்களின் பேச்சைத் திருத்துவது வேறு.

‘வாழ்க்கை வரலாறு’ என்பதிலுள்ள வாழ்க்கை, இருக்கை, படுக்கை, செய்கை போல ‘கை’ ஈறு பெற்ற பெயர். பெண்ணைக் குறித்து ‘வாழ்க்கைப்பட்டாள்’ என்றால் மணமாகிச் சென்றாள் என்று பொருள். ஒரு நடிகையின் வாழ்க்கை வரலாறு என்று அச்சிட்டுவிட்டு, அவருடைய மணவாழ்க்கையை மட்டுமே எழுதி, தொழிலை ஓரிரு பத்திகளில் முடித்துவிடும் புத்தகங்களைக் காணும்போது, எழுதியவர்கள் இந்த இரண்டாம் பொருளைத்தான் மனத்தில் கொண்டார்களோ என்று தோன்றும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. தன்வரலாறு என்பதைச் சேர்த்து எழுதினால் அது நூல்வகையின் பெயர். ‘நடிகர் தன் வரலாற்றைச் சொன்னார்’ என்று பிரித்து எழுதினால் தன்னுடைய கதையைச் சொன்னார் என்பது மட்டுமே பொருள். வரலாறு என்பது வேற்றுமையுருபு ஏற்கும்போதும், மற்றொரு பெயருக்கு அடையாக வரும்போதும் றகரம் இரட்டிக்கும். ஆகவே ‘தன்வரலாற்று நூல்’, ‘தன்வரலாற்றில்’ என்பனவே சரி. ‘வரலாறு நூல்கள்’ என்று விளம்பரப் பலகையில் எழுதுவது, ‘ஆற்றுத் தண்ணீர்’ என்பதை ‘ஆறு தண்ணீர்’ என்பதற்குச் சமம். தொடக்கம் முதல் இறுதிவரை வந்த வழியைச் சொல்லாமல், நினைவுக்கு வந்த நிகழ்ச்சிகளை மட்டும் கோத்திருந்தால் அது தன்வரலாறு ஆகாது. ‘நினைவுக் குறிப்புகள்’ என்பதே அதற்குத் தகும்.

எஞ்சுவது, நட்சத்திரங்கள் சொல்ல மற்றொருவர் எழுதிய நூல்கள். நம்மிடம் உள்ள திரைக்கலைஞர் நூல்களில் இவை கணிசமானவை. இவற்றைத் தன்வரலாறு என்றால் எழுதியவரின் உழைப்பு மறைகிறது, வாழ்க்கை வரலாறு என்றால் சொன்னவரின் குரல் மறைகிறது. ‘சொல்வழித் தன்வரலாறு’ என்று நான் எழுதி வருகிறேன். சிலர் ‘கேட்டெழுதிய வரலாறு’ என்பதை விரும்புகிறார்கள். அன்று திண்டுக்கல் சாலையில் நான் எடுத்த புத்தகம் இவ்வகையைச் சேர்ந்ததுதான். எழுதியவரின் பெயர் அட்டையில் இல்லை. நன்றியுரையின் கடைசி வரியில், காகிதம் கொடுத்தவருக்கும் அச்சுக்கோத்தவருக்கும் நடுவில் இருந்தது.