துபாய்க்குப் போகும் கொலுசும் கொத்தனாரும்

சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருப்பதால், ஒரே நாளில் இரண்டு விதமான துபாய் என் மேஜைக்கு வந்துவிடும். காலையில் கொலுசு ஏற்றுமதி செய்பவர் பில் கட்டோடு வருவார். சாயங்காலம் ஆத்தூர், தலைவாசல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பாஸ்போர்ட்டோடு வருவார், கூடவே மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். கொலுசுக்காரர் உரிய காகிதம் இல்லாமல் ஒரு கிராம் வெள்ளியைக்கூட அனுப்ப மாட்டார். இந்தத் தம்பியோ தன்னையே அனுப்பத் தயாராக நிற்கிறார், கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பி.டி.எஃப். மட்டும்.

இந்தியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் உள்ள உறவு பழையது. அந்த நாடு பிறந்ததே 1971 டிசம்பரில்தான், அடுத்த ஆண்டே தூதரக உறவு ஏற்பட்டது. அதற்கும் முன்னால், 1966 வரை அங்கே கடைவீதியில் புழங்கியது நம் ரூபாய். 1959இல் வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி தனி நோட்டு அச்சடித்தது. இன்று 35 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பணத்தில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம் அமீரகத்துக்கு.

வியாபாரிகளுக்கு இந்த உறவு 2022 மே 1 அன்று பலன் கொடுக்கத் தொடங்கியது. அன்றுதான் இரு நாட்டுப் பொருளாதார ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. நம் நகைகளுக்கு அங்கே இருந்த 5 சதவீத இறக்குமதி வரி போனது. ஆனால் அது தானாகப் போகாது. 'இந்தப் பொருள் இந்தியாவில் உருவானது' என்ற சான்றிதழைச் சரக்கோடு அனுப்ப வேண்டும். வெள்ளிக்கட்டி வெளிநாட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம், அதைக் கொலுசாக்கியது சிவதாபுரத்துப் பட்டறை என்று செலவுக் கணக்கோடு காட்ட வேண்டும். நம் ஆட்கள் இதில் கெட்டி. சான்றிதழ் ஒருநாள் தாமதமானால் எனக்கு நாலு முறை போன் வரும்.

ஆள் அனுப்பும் விஷயத்துக்கு வருவோம். அங்கேயும் இதேபோல் காகிதங்கள் உண்டு, யாரும் கேட்பதில்லை.

சமீபத்தில் வந்த ஒரு தம்பி நல்ல டைல்ஸ் மேஸ்திரி. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர். பத்தாவது தேறாதவருக்குப் பொதுவாகக் கிடைப்பது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட். அதை வைத்துக்கொண்டு அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி எமிகிரேஷன் கிளியரன்ஸ், அதாவது நம் அரசின் முன் அனுமதி, வேண்டும். அவரிடம் இருந்தது 60 நாள் விசிட் விசா. ஏஜென்ட் கேட்டது 1,20,000 ரூபாய், பாதி கொடுத்தாயிற்று.

"அங்க போய் வேலை விசாவா மாத்திக்கலாம்னு சொன்னாங்க சார்."

"யார் மாத்தித் தருவாங்க தம்பி? கம்பெனி பேர் என்ன?"

போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பெயர் கிடைக்கவில்லை.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய். ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கு ரசீதும் தர வேண்டும். பதிவு எண் உண்மையா, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். "நான் அவருக்குக் கீழே வேலை செய்யும் சப்-ஏஜென்ட்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள், சட்டத்தில் அப்படி ஓர் ஆளே கிடையாது. விசிட் விசாவில் போனவர் இந்திய அரசின் கணக்கில் வெறும் சுற்றுலாப் பயணி. அந்த விசாவில் அங்கே வேலை செய்வதும் குற்றம். நாள் தாண்டித் தங்கினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம். ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார், அவருக்கு விமானம் கிளம்பியதும் வேலை முடிந்தது.

முறையாகப் போகிறவருக்கு அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் வரும். அரபியிலும் ஆங்கிலத்திலும் இருப்பதோடு, தொழிலாளிக்குத் தெரிந்த ஒரு மொழியிலும் அதைக் கேட்டு வாங்கலாம். அந்தப் பட்டியலில் தமிழ் இருக்கிறது! தமிழில் படித்துக் கையெழுத்துப் போட உரிமை இருந்தும், புரியாத ஆங்கிலத்தில் போட்டுவிட்டு வருகிறார்கள் நம் பிள்ளைகள்.

அந்தக் கடிதத்தில் நான் முதலில் தேடுவது 'பேசிக்', அதாவது அடிப்படைச் சம்பளம், என்ற வரியை. மொத்தச் சம்பளம் 1,800 திர்ஹாம் என்றால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை பேசிக்கை வைத்துத்தான். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் பேசிக். பேசிக் 1,500 என்று போட்டிருந்தால் ஐந்து வருடத்துக்கு 5,250 திர்ஹாம். 800 என்று போட்டு மீதியை அலவன்ஸ் ஆக்கியிருந்தால் 2,800தான். மொத்தச் சம்பளம் ஒன்றேதான், வித்தியாசம் மட்டும் நம் பணத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல்.

இன்னும் சில. ஆள் எடுக்கும் செலவை முதலாளி தொழிலாளியிடம் வசூலிப்பதும், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் அந்த நாட்டின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படியே தவறு. 'அந்த ஊர் சட்டம் அப்படி' என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்புறம், என் தொழில் சார்ந்தது ஒன்று. வேலைக்கென்று கிளம்பிப் போனதும் ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியரின் உள்ளூர் வரவுகளுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கே வாங்கும் சம்பளத்தை அனுப்ப, வெளிநாட்டு வருமானத்துக்கான என்.ஆர்.இ. கணக்கு தனியாகத் தொடங்கினால் அதன் வட்டிக்கு வரி இல்லை. பாதிப் பேர் பழைய கணக்கிலேயே வருடக்கணக்கில் பணம் போட்டுவிட்டு, நிலம் வாங்கும் நேரத்தில் வந்து முழிப்பார்கள். இன்ஜினீயர் பிள்ளைகள் கிளம்பும் மாதத்தையும் கவனிக்க வேண்டும். நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அந்த ஆண்டு நீங்கள் இங்கே குடியிருப்பவர்தான், அதாவது அக்டோபரிலோ அதற்குப் பிறகோ போகிறவரின் துபாய் சம்பளமும் அந்த வருடம் இங்கே கணக்கில் வரும். மேஸ்திரியின் சம்பளத்துக்கு இது பெரிய தொல்லை இல்லை.

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர்களுக்குக் கட்டாயமாகும் காப்பீடு ஒன்று இருக்கிறது, பிரவாசி பாரதிய பீமா யோஜனா. விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய். பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275, மூன்று ஆண்டுக்கு 375. விசிட் விசாவில் பறப்பவர் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தும் இந்த 275 ரூபாய் பாலிசி இல்லாமல்தான் போய் இறங்குகிறார். முறையாக எடுத்தவர்களும் வாரிசுதாரர் பெயரைச் சரிபார்ப்பதில்லை. மனைவியின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பாலிசியில் வேறு மாதிரி இருக்கும். கிளம்பும் முன் பாலிசியின் ஒரு பிரதியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். காலம் முடிந்தால் அங்கிருந்தபடியே ஆன்லைனில் புதுப்பித்துக்கொள்ளலாம்.