ஜெபிக்கத்தானே சொன்னேன் என்கிறவர்களுக்கு

போன மாதம் என்னிடம் மறுபடியும் ஒன்று வந்தது: நம்பிச் சொன்ன ரகசியம் ஜெபத்தின் பெயரில் சபைக்கு வெளியான கதை. இந்த வருடத்தில் இது நான்காவது. இனியும் பேசாமல் இருந்தால் தப்பு என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முப்பது வயதுக்குள் ஒரு பெண். கணவர் சிங்கப்பூரில். மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் காரைக்குடிப் பக்கம் ஒரு ஊரில் இருக்கிறார். (அவரிடம் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) தூக்கம் போய், காரணமில்லாமல் அழுகை வந்து, தானாகவே ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருந்தார். வீட்டில் சொல்லவில்லை. ஒரே ஒருவரிடம் சொன்னார். பாஸ்டரம்மாவிடம். "எனக்காக ஜெபம் பண்ணுங்கம்மா."

அந்த வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் பாஸ்டரம்மா மைக்கைப் பிடித்து, புருஷன் கண்காணாத தேசத்தில் இருக்க மனக்கலக்கத்தில் மாத்திரை சாப்பிடும் ஒரு சகோதரிக்காகக் கண்ணீரோடு ஜெபித்தார். நாற்பது குடும்பம் உள்ள சபை. சிங்கப்பூரில் கணவர் உள்ளவர்கள் மூன்று பேர். அதில் முகம் வாடியிருந்தவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் காதுக்குப் போய்விட்டது. இந்தப் பெண் வெட்கத்தில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்துதான் மனநலச் சிகிச்சை தரும் என்னிடம் வந்தார். "இனிமே யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன்க்கா" என்றார். அந்த இரண்டு மாதமும் அப்படித்தான் இருந்திருக்கிறார்.

அவர் அனுமதியோடு பாஸ்டரம்மாவிடம் பேசினேன். நல்ல மனுஷி. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சி வைத்துக்கொண்டு போய் நிற்பவர். அதிர்ந்து போய்ச் சொன்னார்: "பேரே சொல்லலையேம்மா. ஜெபிக்கத்தானே சொன்னேன்."

இந்த இரண்டு வாக்கியத்தையும் எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! அதனால் இதை மட்டும் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில், பெயர். நம் பக்கம் ஒருவரைப் பார்த்தால் முதலில் என்ன கேட்கிறோம்? எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீடு? செட்டிநாட்டில் வீட்டு விலாசத்தின் எழுத்துகளை, அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சொன்னாலே மூன்று தலைமுறையைச் சொல்லிவிடுவார்கள். பெயரை நாம் கேட்பதே கடைசியில்தான். அப்படிப்பட்ட ஊரில் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்னால், எதை மறைத்தீர்கள்? "பள்ளத்தூர்ல ஒரு டீச்சர்" என்றால் போதும். "தேவகோட்டையில ஒரு மூப்பர் வீட்டுப் பையன், குடி" என்றால் போதும். பெயர் சொல்லியிருந்தால்கூட ஒருவரைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். சொல்லாததால் நான்கு வீட்டைச் சந்தேகப்படுகிறார்கள்.

அடுத்தது, ஜெபம். கர்த்தருக்கு அந்த விவரம் எதற்கு? மாத்திரை, சிங்கப்பூர், மாமியார் எல்லாம் அவருக்குத் தெரியாதா? அந்த விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டது கூட்டத்தில் இருந்தவர்கள்தான். ஒருவருக்காக உண்மையிலேயே ஜெபிக்க வேண்டுமென்றால் உங்கள் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபியுங்கள். இயேசு சொன்னதும் அதைத்தான்.

"குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லியிருக்கிறதே" என்று ஒரு வாலிபர் குழுத் தலைவர் என்னிடம் வாதாடினார். யாக்கோபு ஐந்தாம் அதிகாரம். தம்பி, அது தன் குற்றத்தை. அடுத்தவர் குற்றத்தை அறிக்கையிட அங்கே அனுமதியே இல்லை. மத்தேயு பதினெட்டைப் பாருங்கள். ஒருவன் தப்பே செய்திருந்தாலும் முதலில் நீயும் அவனும் மட்டும் தனித்திருக்கையில். பிறகு இரண்டொருவர். அப்புறம்தான் சபை. இந்த வரிசையைக் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறோம் நாம். அதுவும் துக்கத்தைச் சொல்ல வந்தவர் விஷயத்தில்.

கத்தோலிக்கக் குருமார்களுக்கு இதில் பழைய, கடுமையான ஒழுங்கு உண்டு. 1215இல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது) கேட்டதை வெளியே சொல்லும் குருவைப் பதவியிறக்கி, ஆயுள் முழுக்க ஒரு மடத்தில் தவமிருக்க அனுப்பச் சொன்னது. என் போன்றவர்களை 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் கட்டுகிறது. அதன் 23ஆம் பிரிவின்படி, சிகிச்சையில் தெரிந்துகொண்டதை, சட்டம் அனுமதிக்கும் சில சூழ்நிலைகளைத் தவிர, நாங்கள் வெளியிட முடியாது. வாடகை ஹாலில் சபை நடத்தும் ஒரு போதகரை அப்படி எதுவும் கட்டவில்லை. அவரே தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். தயவுசெய்து கட்டிக்கொள்ளுங்கள்.

எப்படி? கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "இதை நான் யாரிடமாவது சொல்லலாமா? சொன்னால் எவ்வளவு சொல்லலாம்?" அவர் "வேண்டாம்" என்றால் மனைவியிடமும் இல்லை. வீட்டில் சொல்லாமல் இருக்க முடியாது என்றால், அதை அவர் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிரசங்கத்தில் "போன வாரம் என்னிடம் ஒருவர் வந்தார்" என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். நான்கு வருடம் கழித்தும் வேண்டாம். வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் ஆபரேஷன் தேதியைப் போடுவதாக இருந்தாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள். கர்ப்பப்பை ஆபரேஷனை ஊர் முழுக்கப் படிக்க வேண்டுமா?

பேசும் இடமும் முக்கியம். பூட்டிய அறை வேண்டாம், சபை ஹாலின் நடுவும் வேண்டாம். நம் பழைய வீட்டுத் திண்ணை மாதிரி ஓர் இடம் பாருங்கள். தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்கு எட்டக் கூடாது. சின்னதாக ஒரு தொழில் விஷயமும் சொல்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் முக்கால் மணி நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, செருப்பை மாட்டும்போதுதான் உண்மையான விஷயத்தைச் சொல்வார்கள். அதனால் வசனம் சொல்ல அவசரப்படாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். எசேக்கியா ராஜா ஜெபித்தார், கர்த்தர் கேட்டார், அதற்கு அப்புறமும் பிளவையின்மேல் அத்திப்பழ அடை வைத்துக் கட்டத்தான் சொன்னார் ஏசாயா. இதற்குமேல் நான் என்ன சொல்ல?

சரி, எல்லாவற்றையும் அடக்கியே வைக்க வேண்டுமா? இல்லை. "யாரிடமும் சொல்லவே மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "உங்கள் உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் மட்டும் உதவி கூப்பிடுவேன், மற்றதெல்லாம் என்னோடு இருக்கும்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

சாக வேண்டும் போலிருக்கிறது என்று யாராவது கோடி காட்டினால், நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிறார்கள். ஆகாது. கேட்டதும் பெரும்பாலும் பாரம்தான் இறங்கும். அவரைத் தனியே விடாமல் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், அரசின் இலவசச் சேவை, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைக்கிறவர்களுக்கு: தற்கொலைக்கு முயன்றவரை, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது நான் சொன்ன மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு.

பிள்ளைகள்மேல் பாலியல் அத்துமீறல் என்று தெரிந்தால், கூடிப் பேசி முடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. 2012ஆம் வருட போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. போதகருக்கென்று அதில் தனி விலக்கு எழுதப்படவில்லை. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. அந்தப் பிள்ளைக்கு உடனே உதவி வேண்டுமென்றால் 1098. செய்தவர் சபையின் பெரிய காணிக்கைக்காரராக இருந்தாலும் இதேதான்.

இவ்வளவையும் மனதுக்குள் வைத்துக்கொள்வது பாரம் என்று எனக்குத் தெரியும். சைக்கிளில் மூன்று கிராமம் சுற்றி, நடுராத்திரி போன் எடுத்து, தன் சொந்தக் கவலையைச் சொல்ல ஆளில்லாமல் இருக்கும் போதகர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். மோசேயிடம் அவர் மாமனார் எத்திரோ சொன்னதும் அதுதான்: நீ ஒருவனாக இதைச் செய்ய முடியாது, தொய்ந்துபோவாய். உங்கள் சபையில் இல்லாத, முடிந்தால் உங்கள் ஊரிலேயே இல்லாத ஒரு மூத்த ஊழியரை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் கதை வேண்டாம். "எனக்கு இந்த வாரம் நெஞ்சு அடைத்தது" என்று உங்கள் பாரத்தைச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாய்தவறிச் சொல்லிவிட்டேன், இப்போது என்ன செய்ய என்று கேட்பவர்கள் உண்டு. போய்ப் பாருங்கள். தனியாக. "நீங்கள் சொன்னதை நான் வெளியே சொல்லிவிட்டேன், அது என் தப்பு." அவ்வளவுதான். நல்லெண்ணத்தில் சொன்னேன் என்று சேர்க்காதீர்கள். மன்னித்துவிட்டேன் என்று அவர் வாயால் வரவழைக்கப் பார்க்காதீர்கள். குழுவில் போட்டிருந்தால் எல்லோருக்கும் அழித்துவிட்டுப் போங்கள்.

அந்தப் பாஸ்டரம்மா போனார். கதவைத் திறந்த பெண் உள்ளே கூப்பிடவில்லையாம். வாசலில் நின்றே சொல்லிவிட்டுத் திரும்பினார். மூன்று வாரம் கழித்து அந்தப் பெண்ணே அவருக்குப் போன் செய்து, மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போய்வரும் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறார்.