தொண்டைக்குள் டாக்டர் எதைத் தேடுகிறார்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களின் அரசு கிளினிக்குகளில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் அம்மா, "அழுதால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்" என்று அதட்டுவதும் காதில் விழும். இந்த மிரட்டல் வேண்டாமே. பாக்டீரியாவைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"ஆ காட்டு" என்று சொல்லி, தட்டைக் குச்சியால் நாக்கை அழுத்தி டார்ச் அடிக்கும் டாக்டர் முதலில் பார்ப்பது டான்சில்களை. அவை சிவந்து வீங்கியிருக்கின்றனவா, மேலே வெள்ளைத் திட்டுகள் படிந்திருக்கின்றனவா? அடுத்து, தாடைக்குக் கீழே விரல்களால் தடவி நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரு கேள்வி: "இருமல் இருக்கிறதா?" இருமலும் மூக்கொழுகலும் இருந்தால் பெரும்பாலும் அது வைரஸின் வேலை. இருமலே இல்லாமல் காய்ச்சல், வெள்ளைத் திட்டு, தொட்டால் வலிக்கும் நெறி எல்லாம் சேர்ந்து வந்தால்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் மேல் சந்தேகம் விழும். தேவைப்பட்டால் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். பிள்ளைகளின் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவதுதான்.

அந்த பாக்டீரியா எவ்வளவு பெரியது என்று பிள்ளை கேட்டால், அடிக்கோலில் ஒரு மில்லிமீட்டரைக் காட்டுங்கள். அந்தச் சின்ன இடைவெளியில் ஏறக்குறைய 1,000 ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள் வரிசையாக நிற்கலாம்.

இவ்வளவு சிறிய உயிருக்கும் சுற்றிலும் ஒரு சுவர் உண்டு. அதன் உடலுக்குள் உப்பும் புரதமும் செறிந்திருப்பதால், வெளியிலிருக்கும் நீர் ஓயாமல் உள்ளே நுழையப் பார்க்கும். உடல் வெடித்துவிடாமல் தாங்குவது அந்தச் சுவர்தான். பாக்டீரியா வளரும்போது சுவரை அங்கங்கே வெட்டி, புதுத் துண்டுகளைச் சேர்த்து, குறுக்கே இணைத்துக்கொண்டே இருக்கும். 1928ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பென்சிலின், இணைப்பு வேலை செய்யும் நொதியைப் பிடித்துக்கொள்கிறது. சிமெண்ட் இல்லாமல் செங்கல் அடுக்கிய சுவர் போல அது பலமிழக்க, நீர் புகுந்து பாக்டீரியா வெடித்துச் சாகிறது. நம் செல்களுக்கு இப்படிப்பட்ட சுவர் கிடையாது. அதனால் அந்த மருந்து அவற்றைத் தாக்குவதில்லை. வைரஸுக்கும் சுவர் இல்லை. சளிக்குப் பென்சிலின் போன்ற ஆன்டிபயாட்டிக் கேட்டு டாக்டரிடம் வாதாடுவதில் பயனில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று உறுதியானால் பென்சிலினை வழக்கமாக 10 நாள் தருவார்கள். மூன்றாம் நாளே பிள்ளை ஓடியாடத் தொடங்கிவிடும்; மருந்தை நிறுத்தலாம் என்று நமக்கும் தோன்றும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சரியாகக் குணப்படுத்தாத தொண்டைத் தொற்று சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சலாக மாறுகிறது. அந்த பாக்டீரியாவின் புரதமும் இதயத்திலுள்ள சில புரதங்களும் ஒரே சாயலில் இருப்பதால், எதிர்ப்புச் சக்தி ஆளை மாற்றி அடிக்கிறது; இதய வால்வுகள் நிரந்தரமாகப் பழுதாகலாம். அண்ணனுக்குத் தந்த பாட்டிலில் மிச்சமிருப்பதைத் தம்பிக்குக் கொடுக்கவும் கூடாது. தண்ணீர் கலந்த சிரப் ஓரிரு வாரங்களில் வீரியம் இழந்துவிடும்.

பாக்டீரியா என்றாலே எதிரி என்று மட்டும் சொல்லி வளர்த்துவிடாதீர்கள். பாலைத் தயிராக்குவது பாக்டீரியாதான். நம் உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாக 2016இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலானவை பெருங்குடலில் இருந்துகொண்டு, நம்மால் செரிக்க முடியாத நாரைச் சிதைக்கின்றன. ஆன்டிபயாட்டிக் இவற்றிலும் ஒரு பகுதியைக் கொன்றுவிடுவதால்தான் சில பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது.

மலேசியாவில் பிறந்த பிள்ளை என்றால் அதன் இடது கையின் மேற்பகுதியைப் பாருங்கள். பிறந்தவுடன் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் சிறு தழும்பு அநேகமாக இருக்கும். மாடுகளுக்குக் காசநோய் தரும் பாக்டீரியாவை கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சு அறிவியலாளர்கள் 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்துச் சாதுவாக்கினார்கள். 1921இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்குத் தரப்பட்டது. தாதி போட்ட அந்த ஊசியில் இருந்ததும் உயிருள்ள பாக்டீரியாதான் என்று சொல்லுங்கள். பிள்ளை நம்ப மறுத்தால், அடுத்த முறை டாக்டரிடம் அதுவே நேராகக் கேட்கட்டும்.