கண்டிஷனிங்: பழக்குவதும் பழகுவதும்

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் புத்தகத்தோடு வந்தாள். ‘ஆக்கநிலையிறுத்தம்’ என்ற சொல்லைக் காட்டி, “இது மட்டும் மண்டையில ஏறமாட்டேங்கு மாமா” என்றாள். அவள்மேல் குற்றமில்லை. உளவியலில் ‘கண்டிஷனிங்’ எனப்படுவதற்கு நம் கல்வியியல் நூல்கள் வைத்த பெயர் அது. ஆக்கப்பட்ட ஒரு நிலையில் நிறுத்துவது என்று சொன்னால் ஓரளவு விளங்கும். ஆனால் அப்படிச் சொல்லிக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

பொருள் ஒன்றும் கடினமில்லை. திங்கள்சந்தைப் பக்கம் எங்கள் தெருவுக்குக் குளச்சல் மீன் பைக்கில் வரும். ஹாரன் கேட்டதும் அடுக்களையில் படுத்திருக்கும் பூனை எழுந்து வாசலுக்கு ஓடும். சாளை மீனின் மணத்துக்குப் பூனை எழுவது இயல்பு. ஹாரனுக்கு எழுவது இயல்பில்லை. மணமும் ஹாரனும் தினமும் சேர்ந்தே வந்ததால் ஒட்டிக்கொண்டது.

ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ் நாய்களிடம் கண்டதும் இதுதான். செரிமான ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். உணவு வருமுன்பே நாய்க்கு எச்சில் ஊறுவது ஏன் என்று தேடிப் போனார். உணவோடு ஒரு ஒலியையும் சேர்த்துக் கேட்கச் செய்துவந்தால், பிறகு ஒலிக்கே எச்சில் ஊறியது. அப்படிப் பழகி வந்த அனிச்சைச் செயலுக்கு அவர் இட்ட அடைமொழி ‘உஸ்லோவ்னி’. ‘நிபந்தனைக்கு உட்பட்ட’ என்று பொருள். ஒலியோடு உணவும் வரவேண்டும் என்பதே நிபந்தனை. உணவு வராமலே ஒலி மட்டும் தொடர்ந்தால் எச்சில் ஊறுவது மெல்லக் குறைந்து நின்றுவிடும். ஆங்கிலத்துக்குப் போனபோது அது ‘கண்டிஷண்ட்’, அதாவது பக்குவப்படுத்தப்பட்ட, என்று திரிந்தது. ‘கண்டிஷன்’ என்பதன் லத்தீன் மூலத்துக்கோ பேசி ஒத்துக்கொண்ட உடன்பாடு என்று பொருள். இலங்கைத் தமிழர் எழுதும் ‘நிபந்தனைப்படுத்தல்’ பாவ்லோவின் கருத்துக்கு நெருக்கமாக இருப்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

1913இல் அமெரிக்க உளவியலாளர் வாட்சன், மனத்தை யாரும் பார்க்க முடியாது, வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்றார். ‘நடத்தைவாதம்’ அங்கே தொடங்கியது. இதில் நம்மவர் அமைத்த ‘தூண்டல், துலங்கல்’ என்ற இணை எனக்கு மிகவும் பிடிக்கும். ஹாரன் தூண்டல், பூனை ஓடுவது துலங்கல். துலங்குவது என்றால் விளங்கித் தெரிவது. கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே கணக்கில் எடுத்த கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது.

அப்புறம் இன்னொரு அமெரிக்க உளவியலாளர், ஸ்கின்னர். வாசலுக்கு ஓடிய பூனைக்கு ஒரு சாளைத் தலை கிடைக்கிறது, நாளைக்கும் ஓடும். செயலின் விளைவே அந்தச் செயலை வளர்க்கிறது. அந்தத் தலைக்குப் பாடநூல் தரும் பெயர் ‘வலுவூட்டி’. இந்த வகைக் கற்றல் ‘செயல்படு ஆக்கநிலையிறுத்தம்’.

சரி, கண்டிஷனிங்குக்கு நல்ல தமிழ் எது? துலங்கு, துலக்கு போல நம்மிடம் பழகு, பழக்கு இருக்கிறது. யானையைப் பழக்குகிறார்கள், மாட்டை ஏருக்குப் பழக்குகிறார்கள். சோதனை செய்பவர் பழக்குகிறார், நாய் பழகுகிறது. இரண்டு பக்கத்தையும் ஒரே வேர் சொல்லிவிடுகிறது. ‘பழக்கம்’ வேறு பொருளில் வழங்குவதால் குழப்பம் வரும் என்பார்கள். ‘பழக்கல்’, ‘பழக்கிய துலங்கல்’ என்று எழுதினால் அந்தக் குழப்பமும் வராது.

தேர்வில் ஆக்கநிலையிறுத்தத்தைத்தான் தேட வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். பூனைக் கதையைப் புத்தக ஓரத்தில் எழுதி, பக்கத்தில் ‘பழக்கல்’ என்றும் குறித்துக்கொண்டு போனாள்.