மீப்பெரு பகாக் காரணி

‘லார்ஜஸ்ட் பிரைம் ஃபேக்டர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? பள்ளியில் மீ.பொ.கா. (மீப்பெரு பொதுக் காரணி) கணக்குப் போட்டவர்களுக்குப் பாதி விடை தெரிந்திருக்கும்: மீப்பெரு. மீதி, பகாக் காரணி.

‘பிரைம்’ லத்தீன் ‘பிரைமஸ்’ வழி வந்தது, பொருள் ‘முதல்’. யூக்ளிட் கிரேக்கத்தில் எழுதியதும் ‘முதல் எண்’ என்றுதான். இலங்கைப் பாடநூல்களின் ‘முதன்மை எண்’ இதே தடத்தில் வருகிறது. தமிழ்நாட்டுப் ‘பகா எண்’ணோ காரியத்தையே பெயராக வைத்துக்கொண்டது: பகுபடாதது. நன்னூல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று பிரிக்கிறதே, அதே பகா. ‘நிலம்’, ‘நீர்’ பகாப்பதங்கள். உடைத்தால் துண்டுகளுக்குப் பொருளில்லை. 7-உம் அந்த ஜாதிதான். என் ஓட்டு பகாவுக்கே. (ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் ‘க்’ மிகும், ‘பகா காரணி’ என்று அவசரத்தில் எழுதிவிடுகிறோம்.)

சரி, கணக்குக்கு வருவோம். 8, 9, 10 என்ற மூன்றையும் பெருக்கினால் 720. பிரித்தால் 2-கள் நான்கு, 3-கள் இரண்டு, ஒரு 5. மீப்பெரு பகாக் காரணி 5. கொஞ்சம் தள்ளி 48, 49, 50 எடுங்கள், பெருக்கற்பலன் 1,17,600. இவ்வளவு பெரிய எண்ணிலும் 7-க்கு மேல் பகா எண் கிடையாது! ஆனாலும் எடுத்த எண்கள் மூன்று, மீப்பெரு பகாக் காரணி 3-க்குக் கீழே இறங்கவில்லை, 3-லேயே நிற்கவும் இல்லை. அதுதான் 1892-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் சில்வெஸ்டர் நிறுவியது: எத்தனை அடுத்தடுத்த எண்களை எடுக்கிறோமோ, அந்த எண்ணிக்கையைவிட அவை எல்லாமே பெரியவை என்றால், பெருக்கற்பலனின் மீப்பெரு பகாக் காரணியும் அந்த எண்ணிக்கையைத் தாண்டும். நிபந்தனையை விட்டுவிட்டால் 1×2×3 காலை வாரிவிடும். அங்கே 3-தான் உச்சம். 1934-இல் ஹங்கேரியக் கணிதவியலாளர் ஏர்டெஷ் இதற்கு எளிய நிறுவல் தந்தார்.

மூன்று எண்களை 4-இலிருந்தும், நான்கை 5-இலிருந்தும் என்று, எண்ணிக்கைக்கு அடுத்த எண்ணிலேயே தொடங்கிப் பார்த்தால் கிடைப்பது பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்ட்ரானின் எடுகோள்: 1-ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையே ஒரு பகா எண்ணாவது உண்டு. இதை முதலில் நிறுவியவர் ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ். இராமானுஜன் 1919-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் மிகச் சுருக்கமான இன்னொரு நிறுவலை வெளியிட்டார்.

அப்புறம் ஒன்று: ‘தொடர் எண்கள்’ வேண்டாம். ‘தொடர்’ ஏற்கெனவே கூட்டுத்தொடருக்கும் பெருக்குத்தொடருக்கும் போய்விட்டது. ‘அடுத்தடுத்த எண்கள்’ என்றே எழுதலாம்.