கிராக் போட்டுக் கொடுக்கும் நமக்குத்தான் முதல் பொறுப்பு

"ஓஎஸ் போட்டு, ஆபீஸ், போட்டோஷாப் எல்லாத்தையும் ஏத்திக் கொடுத்துடுங்கண்ணே." கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பவர்கள் தினமும் கேட்கும் பேச்சு இது. கேட்பவருக்குத் திருடும் எண்ணமெல்லாம் கிடையாது. அவற்றுக்கு விலை இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவருக்குச் சந்தா கட்ட வசதி இருக்காது. நகையை அடகு வைத்துப் பழைய லேப்டாப் வாங்கியவருக்கு நேர்மை பற்றி வகுப்பெடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் விஷயம் தெரிந்தும் வாய் திறக்காமல், லைசென்ஸ் பூட்டை உடைக்கும் கிராக்கைப் போட்டுக் கொடுக்கும் மெக்கானிக்கை என்னால் அப்படி விட்டுவிட முடியவில்லை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி, மென்பொருளைத் திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. லாபத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால், நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். எனக்கு இந்தப் பாகுபாடு நியாயமாகவே படுகிறது. வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் பிள்ளையும், அதே மென்பொருளால் கல்யாண ஆல்பம் போட்டுக் காசு வாங்கும் கடையும் ஒன்றாகிவிட முடியாது.

கடை என்று வந்துவிட்டால் அடுத்தவர் பொருள் நம் கையில் இருக்கிறது. தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். எந்தப் படமும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்துகள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு 'ரீட்மீ' கோப்பு: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ஸ்டாப் டிஜேவு என்ற ரேன்சம்வேர் அது. கிராக், போலி லைசென்ஸ் எண் உருவாக்கும் கீஜென் வழியாகப் பரவுவதற்கே பேர்போனது. "கிராக் ஓட ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்" என்று கிராக்கை இறக்கிய தளத்தில் எழுதியிருந்ததாம், இவரும் நிறுத்தியிருக்கிறார். பேக்கப் வைத்திருந்த ஹார்டுடிஸ்கும் அப்போது சொருகியே இருந்ததால் அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. இந்த வைரஸ் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல் பலருக்கும் ஒன்றேயான பொதுச் சாவியால் பூட்டியிருந்தால் மீட்க ஓரளவு வழி உண்டு. இங்கே சர்வரிலிருந்து தனிச் சாவியே வந்திருந்தது. ஆல்பத்துக்குக் காத்திருந்த குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது? அவர்கள் எந்தக் கிராக்கையும் போடவில்லையே.

'வசதி இல்லை' என்ற காரணம் நம் கணினிக்கு நாமே எடுக்கும் ஆபத்துக்கு வேண்டுமானால் பொருந்தும். ஜெராக்ஸ் கடையில் ஆதாரையும் பேங்க் பாஸ்புக்கையும் ஸ்கேன் செய்யக் கொடுத்துவிட்டு நிற்கிறவர் அந்த ஆபத்துக்குச் சம்மதிக்கவே இல்லை.

இன்னொரு கொடுமை, பல நேரம் கிராக் தேவையே இல்லை. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து விண்டோஸோடு விற்ற பிராண்டட் லேப்டாப்களில் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். பெரும்பாலும் அது ஹோம் பதிப்பு. அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். நம் ஆட்களோ பென்டிரைவில் இருக்கும் ப்ரோ பதிப்பைப் போட்டு, மேலே லைசென்ஸ் இருப்பதுபோல் ஏமாற்றும் ஒரு ஆக்டிவேட்டரையும் ஓட்டிவிடுகிறார்கள். வாடிக்கையாளர் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியதைத் திருட்டாக மாற்றிக் கொடுக்கிறோம்!

டிடிபி சென்டர்களின் சிக்கல் வேறு. அவர்கள் அச்சுப் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0. பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த பத்திரிகைகள் அதில்தான் திறக்கும் என்பதால் விட முடியவில்லை என்கிறார்கள். அந்தக் கஷ்டம் உண்மைதான். பழையதற்கு அதை இணையம் இல்லாத தனிக் கணினியில் வைத்துவிட்டு, புது வேலைகளை யூனிகோட் எழுத்துருவில், இலவச மென்பொருள்களான ஸ்க்ரைபஸிலோ இங்க்ஸ்கேப்பிலோ தொடங்குங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன். கை பழகச் சில வாரம் தடுமாறும், மறைக்கவில்லை.

கடிதம், கணக்குக்கு இலவச லிப்ரேஆபீஸ் போதும். படத்துக்கு கிம்ப், கிரிட்டா; வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. இவற்றை வைத்துச் சம்பாதிக்கவும் தடையில்லை. தகுதியுள்ள கல்லூரி மாணவருக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனம் தன் வரைபட மென்பொருளான ஆட்டோகேடை இலவசமாகவே தருகிறது, காசு வாங்கும் வேலைக்கு மட்டும் அதைத் தொடக்கூடாது.

அடுத்த முறை கணினியை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, போட்ட மென்பொருள்களில் எதற்கு லைசென்ஸ் இருக்கிறது, எதற்கு இல்லை என்று பில்லிலேயே எழுதித் தரக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் ஏன் என்றும் கேளுங்கள்.