குசினி அலுமாரி: முன்சட்டம் வேணுமா, வேண்டாமா?

மாரி முடிந்ததும் திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டுக்குப் போனேன். பான்ட்ரி அலுமாரிக் கதவுகள் எல்லாம் தொங்கிப்போய்க் கிடந்தன. வீட்டுக்கார அம்மாவும் மற்றவர்கள் சொல்வதையே சொன்னார்: "முன்னுக்குச் சட்டம் போடாமல் விட்டதுதான் தம்பி பிழை." அலுமாரிப் பெட்டியின் வாயைச் சுற்றி முன்னுக்கு அடிக்கும் மரச்சட்டத்தைத்தான் சொல்கிறார். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சட்டம் இல்லாத அலுமாரி பலமில்லாதது என்று யார் சொன்னது? சட்டம் வைத்தால் அந்த மரச்சட்டம்தான் பெட்டியை மூலைமட்டம் பிசகாமல் பிடிக்கிறது. ஆகையால் பக்கப் பலகை கொஞ்சம் மெல்லிசானாலும் சமாளிக்கும். சட்டம் போடாமல் விட்டால் அந்தப் பாரம் முழுக்கப் பக்கப் பலகைக்கும் முதுகுப் பலகைக்கும் போகும். பக்கம் 18 மி.மீ. வேண்டும், மேலே குறுக்குப் பலகை வேண்டும், முதுகை நாலு பக்கமும் இறுக்க வேண்டும். உப்புவெளி வீட்டில் சட்டத்தை விட்டவர் இதில் ஒன்றும் செய்யவில்லை. மெல்லிய சிப்போர்ட் (மரத்தூளைப் பசை போட்டு அமுக்கிய பலகை), முதுகுக்கு ஆணியடித்த 3 மி.மீ. ஹார்ட்போர்ட். கதவு தொங்காமல் என்ன செய்யும்? (வேலை தெரிந்தவர் அலுமாரியைத் திறந்ததும் முதுகைத்தான் தட்டிப் பார்ப்பார்.)

எங்கள் ஊருக்கு உண்மையான வித்தியாசம் பிணைச்சல் ஆணியில் இருக்கிறது. சட்டம் இருந்தால் ஆணி நல்ல மரத்தைப் பிடிக்கும். இல்லாவிட்டால் பக்கப் பலகையைப் பிடிக்கும். அது சிப்போர்ட் என்றால் ஈரத்தில் ஊதி, ஆணி கழன்றுவிடும். ஆகவே சிப்போர்ட்தான் கட்டுப்படியாகும் என்றால் சட்டம் வையுங்கள். ஒட்டுப்பலகை (பிளைவுட்) வாங்க முடிந்தால் சட்டம் இல்லாமலே தாராளமாகச் செய்யுங்கள். சட்டத்துக்கு உலர்ந்த மரம் பாருங்கள். மாரியில் ஈரத்தோடு வாங்கிய மரம் கச்சான் காற்றில் சுருங்கி மூட்டு விரியும்.

சின்னக் குசினிக்குச் சட்டம் இடத்தைத் தின்னும். 600 மி.மீ. அகலப் பெட்டியில் சட்டமில்லாமல், இரண்டு பக்கமும் 18 மி.மீ. பலகை போக, 564 மி.மீ. வாய் கிடைக்கும். இரண்டு பக்கமும் 38 மி.மீ. சட்டம் வைத்தால் 524தான். லாச்சியும் அந்தளவு ஒடுங்கும். இரட்டைக் கதவுக்கு நடுவில் நிற்கும் சட்டம் பெரிய சருவத்தை உள்ளே விடாது. சுவர் கோணலாக இருக்கும் பழைய வீட்டில் சட்டத்தைச் சீவிச் சுவரோடு சேர்க்கலாம். சட்டமில்லாத பெட்டிக்குச் சுவரோரம் ஒரு நிரப்புப் பலகை விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஓரக் கதவு சுவரில் இடிக்கும்.

கைப்பேசியில் படத்தைக் காட்டி "இதுபோல" என்று மட்டும் சொல்லாதீர்கள். கதவு சட்டத்தை முழுக்க மறைத்து மூடினால் சட்டம் உள்ளதும் இல்லாததும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும். முற்பணம் கொடுக்க முன் கதவு போடாத ஒரு பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பலகையின் தடிப்பை நீங்களே அளவுநாடா வைத்துப் பாருங்கள். எந்த முறையானாலும் பெட்டியைத் தரையில் குந்த வைக்காதீர்கள், நிலம் கழுவும் தண்ணி அடியால் ஏறும். கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் பிணைச்சலும் ஆணியும் துருப்பிடிக்காத உருக்கிலேயே வாங்குங்கள். அதில் மட்டும் தயவுசெய்து காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.